கேபிள் கெட்டுப்போன மாதிரி ஒரு சத்தம்

எங்கள் இசைக்குழுவில் கீபோர்ட் வாசிக்கும் காப்ரியல் அண்ணனை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. நான் பாடுகிறவள். என் தொண்டை எந்தச் சனிக்கிழமை மக்கர் பண்ணும் என்று எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும், ஸ்கேலை அரைக்கட்டை இறக்கிவிடுவார். ஆனால் அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இவர் அழமாட்டார், கேட்கவும் மாட்டார். அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வாரநாட்களில் அவர் புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். சனிக்கிழமை எங்களோடு கல்யாண டின்னர், ஞாயிறு காலை சர்ச். இருபது வருஷத்துக்கு மேலாக இதே ஓட்டம்தான். அவருடைய கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டினால் வயலின், இன்னொன்றைத் தட்டினால் புல்லாங்குழல், வேறொன்றைத் தட்டினால் தபலா தானாகவே வாசித்துக்கொள்ளும்.

"எல்லாம் எவனோ ஃபேக்டரியில செஞ்சு வச்ச சத்தம், மோகனா. நான் சுவிட்ச் போடுற ஆளு, அவ்வளவுதான். எனக்குன்னு ஒரு சத்தம் வேணும். ஒன்னே ஒன்னு போதும்" என்பார். நான் சிரித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

அப்போதுதான் அண்ணனுக்குப் பழக்கமான புவனேசன் சுங்கை பெசாரிலிருந்து போன் செய்தான். கோலாலம்பூரில் விளம்பரங்களுக்கு இசை போட்டுக்கொண்டிருந்தவன், இப்போது அப்பாவின் பெயிண்ட் கடையைப் பார்க்கிறான். தன் வேவ்டேபிள் சிந்தசைசரை விற்கப்போகிறானாம். "ஒரு வாரம் வச்சுப் பாருங்கண்ணே. புடிச்சா வாங்கிக்குங்க, இல்லன்னா திருப்பிக் குடுங்க" என்றான். காப்ரியல் அண்ணன் அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு போய்த் தூக்கிவந்துவிட்டார்.

அது என்ன கருவி என்று எனக்கு அவர்தான் விளக்கினார். ஒரு சத்தத்தை ரொட்டி மாதிரி மெல்லிய துண்டுகளாக அறுத்து உள்ளே அடுக்கி வைத்திருக்கும். ஒரு குமிழைத் திருகினால் முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டுவரை சத்தம் உருமாறிக்கொண்டே போகும். வயலின் கிடையாது, புல்லாங்குழல் கிடையாது. நாமாகத் திருகித் திருகி உண்டாக்கினால்தான் உண்டு.

அழகான பொருள்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு பக்கமும் தேக்கு நிறத்தில் மரம், நடுவில் கறுப்பு இரும்புத் தகடு, தொட்டால் கெட்டியாகச் சுழலும் குமிழ்கள். ஆனால் கட்டைகள் மூன்று ஆக்டேவுக்குமேல் இல்லை. ஸ்பீக்கர் இல்லை, தாளம் இல்லை. ஸ்கேல் மாற்றும் பொத்தான்கூட வெளியே இல்லை, மெனுவுக்குள் மெனுவாகப் போய்த் தேடவேண்டும். நம்ம ஊர் கீபோர்ட்காரர்கள் பாதிப்பேரைப் போல அண்ணனுக்கும் ஒரே ஒரு ஸ்கேல்தான் சரளம், மற்றதையெல்லாம் அந்தப் பொத்தான்தான் பார்த்துக்கொள்ளும். விலையோ நாலாயிரத்து ஐந்நூறு வெள்ளி. பழைய கீபோர்டை விற்றால்தான் வாங்கமுடியும். பழையதை விற்றால் டின்னருக்கு எதை வாசிப்பது?

அதனால் கணக்கு எளிதாகிவிட்டது. புதியது டின்னரில் எடுபட்டால் வாங்குவது, இல்லையென்றால் அவருக்கென்று ஒரு சத்தம் என்ற பேச்சையே விட்டுவிடுவது. இதை அவரேதான் சொன்னார்.

வேலை முடிந்து வந்து தினமும் அதன்முன் உட்கார்ந்தார். ஆலையில் பழக்குலைகளை வேகவைத்துவிட்டு நீராவியைத் திறந்துவிடுவார்களே, அந்தச் சீறல்தான் அவருக்கு வேண்டியிருந்தது. சீறலில் தொடங்கி, கரகரத்து, மெல்ல மெல்ல ஒரு பெண் வாய் திறப்பதுபோல விரியவேண்டும். அதைப் பிடித்தும்விட்டார்.

"தினம் மில்லுல கேக்குற சத்தம் பத்தாதா? வீட்டுக்கும் வேணுமா?" என்றார் அவர் மனைவி ஃப்ளோரா அண்ணி.

"அங்க காதக் கிழிக்கும், ஃப்ளோரா. இங்க பாரு, பாடுது."

அண்ணி கையிலிருந்த கரண்டியோடு நின்று முழுவதும் கேட்டார். நானும் அங்கேதான் இருந்தேன். முதல்தடவை முகம் சுளித்தேன், இரண்டாந்தடவை கை மயிர் சிலிர்த்தது.

சனிக்கிழமை புக்கிட் ரோத்தானில் ஒரு டேவான் மண்டபத்தில் டின்னர். நம் டின்னர்களில் பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நடந்துவரும் அந்த வருகைதான் முக்கியம். விளக்கை அணைத்து, புகை விட்டு, எல்லோரும் போனைத் தூக்கிப்பிடித்திருப்பார்கள். அந்த நடைக்கு அண்ணன் தன் சத்தத்தை வைத்தார். பழைய கீபோர்ட் கீழே, புதியது மேல்தட்டில்.

கதவு திறந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். நாங்கள் கேட்பதற்கென்று அவர் காலடியில் வைத்திருந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் நீராவி சீறி மேலெழுந்தது எனக்குக் கேட்டது. ஒரு நொடி மண்டபத்துப் பெரிய ஸ்பீக்கர்களிலும் கேட்டது, பிறகு அவை அடங்கிவிட்டன. பெண் பாதி வழியில் சங்கடமாகச் சிரித்துக்கொண்டு நடந்துவருகிறாள், மண்டபமே நிசப்தம். மாப்பிள்ளையின் மாமா எங்களைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார். மைக்கைப் பிடித்து வாய்க்கு வந்ததை முனகினேன். அண்ணன் கண்ணைத் திறந்து, நானும் அவரோடு சேர்ந்துகொண்டேன் என்று நினைத்து, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

முடிந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா மோகனா? ஒரு ஆளு பேசல. ஸ்பூன் சத்தம்கூட இல்ல. வாங்கிடுறேன், முடிவு பண்ணிட்டேன்." ஃப்ளோரா அண்ணிக்குச் சொல்லப் போனை எடுத்துவிட்டார். எப்படிச் சொல்வது என்று நான் விழித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் சவுண்ட் பார்க்கும் பாலகிருஷ்ணன் ஓடிவந்தான். "அண்ணே, மேல வச்சிருக்கிற கீபோர்டுக்குக் கேபிள் ரோசாக்லா, கெட்டுப்போச்சு! கரகரன்னு இழுத்துச்சு. நல்ல வேளை, நான் உடனே சவுண்ட இறக்கிட்டேன்."

பாலாவைத் திட்டி என்ன பயன்? எங்கள் தொழிலில் கரகரப்பு கேட்டால் அது பெரும்பாலும் கேபிள்தான். அவன் வேலையை அவன் ஒழுங்காகத்தான் செய்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது, ஒருவரைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கக்கூட வழியில்லை.

அண்ணன் போனை உள்ளே வைத்தார். "கேபிள் நல்லாத்தான் இருக்கு பாலா. ஏத்தி வை" என்றார்.

விருந்து பரிமாறும்போது மறுபடி வாசித்தார். இம்முறை மண்டபம் முழுக்கக் கேட்டது. மட்டன் பிரட்டலைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் மாமா மேடைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, ஸ்பீக்கர் போயிருச்சு போல. ஆஃப் பண்ணுப்பா, பொண்ணு வீட்டுக்காரங்க பாக்குறாங்க."

"ஸ்பீக்கர் இல்லண்ணே. நான்தான் வாசிக்கிறேன்."

அவர் அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியா? சரி சரி. ஒரு பழைய பாட்டு போடுங்களேன்."

அண்ணன் கீழ்த்தட்டில் வயலின் பொத்தானைத் தட்டினார். மண்டபம் கைதட்டியது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் முதல்தடவை நானும் முகம் சுளித்தவள்தானே, எந்த வாயால் சொல்வது?

சாமான் கட்டும்போது நான் விடவில்லை. "அடுத்த டின்னர்லயும் வாசிங்கண்ணே. அதுக்கடுத்ததுலயும் வாசிங்க. கேட்டுக் கேட்டுப் பழகிருவாங்க."

"கல்யாணம் அவங்களோடது மோகனா" என்றார். ஊரோடு ஒத்துவாழ் என்று யார் இவருக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ!

மறுநாள் சர்ச் முடிந்து, கருவியைத் திருப்பிக் கொடுக்கச் சுங்கை பெசாருக்குப் போனோம். ஃப்ளோரா அண்ணி முன்சீட்டில், சண்டைபோடுவதற்கென்றே கிளம்பிய நான் பின்சீட்டில், என் மடியில் அந்தக் கருவி. செகிஞ்சான் வயல் தாண்டும்போது அண்ணி, "நான் வேணாம்னு சொல்லவே இல்லீங்க" என்றார். அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

புவனேசன் உடனே ஐந்நூறு குறைத்தான். "காசு இல்லப்பா விஷயம்" என்றார் அண்ணன்.

"அப்ப என்னதான் செஞ்சீங்க இதுல? ஒரு தடவ வாசிச்சுக் காட்டுங்க."

கடைக்குப் பின்னால், பெயிண்ட் டின்கள் நடுவே வாசித்தார். சீறி, கரகரத்து, விரிந்தது. புவனேசன் கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டான்.

"நான் ரெண்டு வருஷம் வச்சிருந்தேன். இதுக்குள்ள இப்படி ஒன்னு இருக்குன்னே தெரியாதுண்ணே. சேவ் பண்ணியாச்சா?"

"ம்."

"அப்படியே இருக்கட்டும். வாங்குறவனாச்சும் கேக்கட்டும்."

"அப்ப அவனும் சுவிட்ச் போடுற ஆளாத்தான் இருப்பான்" என்று அண்ணன் அதன் சின்னத் திரைப் பக்கம் குனிந்தார். பிறகு பொத்தான்களை அழுத்தினார். நிச்சயமாக அழிக்கவா என்று திரை கேட்டது. ஃப்ளோரா அண்ணி, "என்னங்க, வேணாங்க" என்று அவர் தோளைத் தொடுவதற்குள் அழுத்திவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தியேவிட்டேன். புவனேசன் ஒயரைச் சுருட்டினான்.

திரும்பும்போது தஞ்சோங் காராங் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் திடீரென்று வாயால் அதைப் பாடிக்காட்ட ஆரம்பித்தார். உஸ்ஸென்று தொடங்கினார், தொண்டையைக் கரகரத்துப் பார்த்தார். வாயால் வருகிற சத்தமா அது? அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன் மறுபடியும் முயன்றார்.