இரண்டு வீட்டுக்கு ஒரு படம்

பழைய நகைச்சுவைப் படங்களின் சிடிக்களை நான் சேர்க்கிறேன். எல்லாம் போனிலேயே கிடைக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதில்லை. படம் அட்டையோடு அலமாரியில் நிற்க வேண்டும். உள்ளே இரண்டு தட்டும் இருக்க வேண்டும்.

மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீடும் பக்கத்து வீடும் சேர்ந்து ஒரு படம் வாடகைக்கு எடுப்போம். இரண்டு வீட்டிலும் டிவி இருந்தது. சொந்த டிவியை அணைத்துவிட்டு அடுத்த வீட்டில் போய் உட்கார யாருக்கும் மனமில்லை. அதனால் முதல் தட்டு ஒரு வீட்டில் ஓடும், இரண்டாம் தட்டு மற்ற வீட்டில் ஓடும். முடிந்ததும் மாற்றிக்கொள்வோம். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நாங்கள் படத்தைப் பின்பாதியிலிருந்துதான் பார்த்தோம். யாரும் அதை விசித்திரமாக நினைக்கவில்லை.

ஒருமுறை மாற்றிக்கொள்ளும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மறுநாள் காலை தட்டுகள் கடைக்குத் திரும்பிவிட்டன. அடுத்த முறை கேட்டபோது அந்தப் படம் கடையில் இல்லை. எங்களுக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. வாடகைத் தட்டில் மார்க்கரால் எண் மட்டும்தான் போட்டிருப்பார்கள்.

நாங்கள் பார்த்த பின்பாதியில், ஓட்டல்காரர் ஒருவர் கத்திக்கொண்டு வந்து கல்யாணத்தை நிறுத்தப் பார்ப்பார். வேலையில்லாத இரண்டு வாலிபர்கள் அவரைச் சாணிக்குழியில் தள்ளுவார்கள். அம்மாவுக்கு அந்த இடம் உயிர். கொழுந்து எடுக்கும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பக்கத்து நிரையில் நிற்கும் பக்கத்து வீட்டு அத்தை மட்டும் சிரிக்க மாட்டார்.

“சோறு போட்டவன்ட்டி அவன். அந்த ரெண்டு பயலுகளுக்கும் சும்மா சோறு போட்டான். நீ பாதியில வந்தவ, ஒனக்கென்ன தெரியும்?”

“நீங்க பாதியில போனவுக மதினி. அவன் ஆடுன ஆட்டத்தப் பாத்தீகளா?”

இந்த வழக்கு பல வருடம் நடந்தது. அதற்குள் நான் பெருமாட்டியில் ஆசிரியையாகிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் போனவள் நான். அங்கே நாற்காலியில் உட்கார்ந்தவளும் நான்தான். அத்தைக்கு வேலைக்காலம் முடிகிறது, லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு சங்கரன்கோவில் பக்கம் மகன் வீட்டுக்குப் போகிறார் என்று அம்மா போனில் சொன்னபோது, அவர் போவதற்குள் இரண்டு தட்டையும் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். பின்னட்டைப் படங்களைப் பார்த்துத்தான் தேட முடியும்.

பெருமாட்டிக்குப் பக்கத்துக் கோபாலபுரத்தில் ஒரு ரீசார்ஜ் கடை, முன்பு சிடி கடையாக இருந்தது. மிச்சத்தை அட்டைப்பெட்டிகளில் போட்டு வைத்திருந்தார்கள்.

“ஏனுங்க அம்மிணி, பேரு தெரியாத படத்த எப்படீங்க தேடுவீங்க?” என்றார் கடைக்காரர்.

“சாணிக்குழி இருக்கும்.”

“அது எங்கூட்டுக்குப் பின்னாடியே இருக்குதுங்களே!”

நாலாவது பெட்டியில் கிடைத்தது. பின்னட்டையில் ஓட்டல்காரர் கழுத்துவரை சாணியில் நின்றார்.

விடுமுறைக்குப் போனபோது என் பிளேயரையும் கொண்டுபோனேன். அத்தையின் வீட்டில் பாதிச் சாமான் மூட்டையாகக் கிடந்தது, டிவியையும் கட்டிவிட்டார்கள். அதனால் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முதல் தட்டைப் போட்டேன். ஓட்டல்காரர் அந்த இரண்டு பேருக்கும் இலை போட்டார், மறுசோறு வைத்தார், மழைக்கு ஒதுங்க இடம் கொடுத்தார். அத்தை அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் தட்டில் சாணிக்குழி வந்தது. அத்தை வாயைப் பொத்தினார், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

“சோறு போட்ட மனுசன் மதினி. இதுக்கா சிரிக்கீக?”

“விழுந்தான் பாரு, அதுக்குச் சிரிச்சேன். கல்யாண வீட்டுல வந்து கத்துனா வேற என்ன செய்வாக?”

எது சரி என்று இருவரும் என்னைக் கேட்டார்கள். படித்தவள் என்பதால் கேட்டார்கள். ஓட்டல்காரர் ஏன் கத்தினார் என்பதைப் படமே சொல்லவில்லை, எடுத்தவர்கள் முன்பாதியை மறந்துவிட்டார்கள் என்றேன். அந்தத் தீர்ப்பு இருவருக்கும் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் ஜீப்பில் சாமான் ஏற்றினார்கள். அத்தை முன்சீட்டில் ஏறி உட்கார்ந்த பிறகும் பேச்சு நிற்கவில்லை.

“சண்டைய முடிச்சுட்டு எடுக்கவா, எடுத்தப்புறம் முடிப்பீகளா?” என்றார் டிரைவர்.

“நீ எடுப்பா,” என்றார் அத்தை.

வண்டி மலையிறக்கம் தொடங்கும் போடிமெட்டை எட்டியிருக்கும். அம்மாவின் போன் அடித்தது. அம்மா ஹலோ சொல்லவில்லை.

“நான் ஒத்துக்க மாட்டேன் மதினி,” என்றார்.