கடுகுக்குள் கிடந்த குண்டு

அத்தையின் அஞ்சறைப்பெட்டியில், கடுகுக் கிண்ணத்துக்குள் ஓர் இரும்புக் குண்டு கிடக்கும். சைக்கிள் சக்கரத்தில் போடுகிற பால்ரஸ் குண்டுதான். தாளிக்கக் கடுகு அள்ளும்போதெல்லாம் கிண்ணத்தில் இடித்துச் சத்தம் போடும். அதைத் தூக்கி எறியச் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. மாமாவின் பிணத்தைக் குளிப்பாட்டியபோது முதுகிலிருந்து அத்தையின் கையோடு வந்த குண்டு அது.

அன்று சாயங்காலம் மாமா மலைச்சரிவில் இருந்த தன் சாமைக் கொல்லையில் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார். கதிர் அசைந்ததும் பன்றி என்று நினைத்து பக்கத்துக் கொல்லையில் காவலிருந்த அவருடைய பங்காளி பால்ரஸ் அடைத்த நாட்டுத் துப்பாக்கியால் சுட்டுவிட்டார். உரிமம் இல்லாத துப்பாக்கி. போலீசுக்குப் போனால் ஊரில் பாதிப் பேர் உள்ளே போக வேண்டிவரும் என்று பெரியவர்கள் பயந்தார்கள். பாறையிலிருந்து விழுந்து செத்ததாக எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். பங்காளிக்கு ஊர்க்கூட்டம் ஒரு தண்டனை மட்டும் கொடுத்தது: வருஷா வருஷம் அறுப்பு முடிகிறவரை அத்தையின் கொல்லைக்கு அவர்தான் காவல். எதை வைத்துக்கொண்டு? அதே துப்பாக்கியை வைத்துக்கொண்டு! புருஷனைக் கொன்ற வெடிச்சத்தத்தை அத்தை தன் கொல்லையிலிருந்தே கேட்க வேண்டும். இதை நியாயம் என்று சொன்னவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று அவ்வப்போது போலீஸ் ஜீப் மைக்கில் சொல்லிக்கொண்டு வரும். ஊரார் துருப்பிடித்து உடைந்தவற்றைப் பொறுக்கிக் கோயில் முன்னால் போட்டுவிடுவார்கள். போலீஸ் படம் எடுத்துக்கொண்டு போகும். நல்ல துப்பாக்கிகள் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கும். இரு பக்கமும் தெரிந்தே ஆடிய நாடகம்.

நான் நர்சிங் படிப்பிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு நாள், பட்டப்பகலில் அத்தை கொல்லையில் இருந்த பங்காளியின் காவல் பரணில் ஏறினார். அந்தத் துப்பாக்கியை இறக்கி நேராகக் கோயில் முன்னால் போலீஸ் போட்டிருந்த மேசையில் கொண்டுபோய் வைத்தார்.

"பயப்படாதம்மா, யார்துன்னு கேக்க மாட்டோம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கேளுங்க சார். கேக்கணும்னுதான் எடுத்தாந்தேன். இத்த செஞ்சி வித்தவன் யாருன்னு கேளுங்க. நாளைக்குப் பன்னி வந்தா நாங்க இன்னா பண்றதுன்னும் சொல்லிட்டுப் போங்க."

"மேல எழுதறோம்மா."

என்ன எழுதினார்களோ! வேலியும் வரவில்லை, அழிந்த பயிருக்கு நிவாரணமும் வரவில்லை. அந்த வருஷம் சாமை முழுக்கப் பன்றிக்குப் போனது. "பன்னிக்குப் பந்தி வச்சிட்டா" என்று ஊரே அத்தையைக் கேலி செய்தது. அடுத்த அறுப்புக்குள் பங்காளி கையில் புதுத் துப்பாக்கி வந்துவிட்டது. நாடு முழுவதற்கும் துப்பாக்கிச் சட்டம் ஒன்று இருக்கிறதாம். அது மலையேறி வந்து மிரட்டுகிறது, படம் பிடிக்கிறது, இறங்கிப் போய்விடுகிறது. செய்து விற்கிறவனைத் தேடாமல், கொல்லைக்கு வேறு காவல் தராமல், துப்பாக்கியை மட்டும் கேட்டால் எவன் கொடுப்பான்? கொடுத்த ஒருத்தியையும் பட்டினி போட்டது அந்தச் சட்டம்.

இப்போது நான் அடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். போன அறுப்புக் காலத்தில் ஒரு பையனைப் போர்வையில் தூக்கி வந்தார்கள். புளி உலுக்கப் போனவனாம். தோளெல்லாம் ரத்தம்.

"பாறையில வுழுந்துட்டான் மேடம்" என்றார் தூக்கி வந்தவர், என் முகத்தைப் பார்க்காமல்.

டாக்டர் தோளைக் கீறி எடுத்ததை நான் நீட்டிய தட்டில் போட்டார். கடுகுக் கிண்ணத்தில் கேட்ட அதே சத்தம். தட்டை அந்த ஆளின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"எந்தப் பாறைங்க இது?" என்று கேட்டேன். நான் போலீசுக்குப் போன் செய்தேன்.

"மலையில இதெல்லாம் சகஜம்மா" என்றது மறுமுனை.