கேஸில் எழுதாத பெயர்

வாகீசனின் பாதத்தில் அடித்தது எஸ்லோன் பிளாஸ்டிக் பைப்பால். உள்ளே மண் நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்து. 1990இல், பதினொரு நாள். ஆமிக்குத் தகவல் கொடுத்தவன் என்ற சந்தேகத்தில் இயக்கத்துப் பெடியள்தான் தலைகீழாகக் கட்டித் தூக்கி, குதிக்கால் வெடித்து முழங்கால் வரை இரத்தம் வழியுமட்டும் அடித்தார்கள். பிறகு ஆள் மாறிப்போச்சு என்று றோட்டில் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த நாசமறுப்பார் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

கனடாவில் அகதிக் கேஸ் எழுதும்போது மொழிபெயர்க்க வந்தவர் பேனையைக் கீழே வைத்தார். "தம்பி, இயக்கம் எண்டு எழுதினா இஞ்சையும் ஆக்கள் வந்து கேப்பாங்கள். ஆமி எண்டே எழுதுவம்."

வாகீசன் தலையாட்டினார். அந்தச் சொல் கேஸிலிருந்து டொக்டரின் ஃபைலுக்குப் போய் அங்கேயே குந்திக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் கலியாணம் பேசி எடுத்த சந்திரவதனாவுக்கும் அதையே சொன்னார். அவளோ, போரில் இறந்த தமையன் பிரியந்தனின் படத்தைச் சூட்கேஸில் கொண்டுவந்தாள். அதை மல்வேர்ன் வீட்டுச் சுவரில் மாட்டும்போதுதான் வாகீசன் அந்த முகத்தை அடையாளம் கண்டார். வீட்டுப் பெயர் பிரியந்தன், இயக்கப் பெயர் செழியன். பைப்பைப் பிடித்திருந்தவன் அவன்தான். நல்ல மனுசி ஒருத்தியை இழக்கப் பயந்து, இருபத்தைந்து வருடமாக எரிகிற காலோடு அவனுக்கு விளக்கேற்றினார்.

மிசிசாகா வேர்ஹவுஸில் ஒரு ஷிஃப்ட் முழுக்க நிற்க முடியாமல் போன பிறகு, காளானிலிருந்து எடுக்கும், மனக்காட்சிகளை எழுப்பும் மருந்தால் நாட்பட்ட வலியைப் போக்கலாமா என்று பார்க்கும் ஆய்வொன்றில் சேர்ந்தார். செலீன் என்ற சிகிச்சையாளர் ஃபைலைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "அந்த ஆமிக்காரன் வந்தால் ஓடாதீர்கள். நேரே போய், என்ன வேண்டும் என்று கேளுங்கள்."

குளிசையை விழுங்கி, கண்ணைத் துணியால் மூடிக்கொண்டு படுத்தார். காரில் கூட்டிப்போக வந்த சந்திரவதனா கதவுக்கு வெளியே இருந்தாள்.

வந்தவன் ஆமிக்காரன் இல்லை. சாரம் கட்டியிருந்தான். "தம்பி, உண்மையைச் சொல்லடா" என்று நல்ல தமிழில் கேட்டான். முதல் அடியிலேயே இடது குதிக்கால் பிளந்தது. வாகீசன் ஓடவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. கழுத்தைப் பிடித்து நெரித்து, பைப்பைப் பறித்து, பல் தெறிக்க வாயிலே போட்டார். முகம் கூழாகுமட்டும் அடித்தார். உள்ளதைச் சொன்னால், அது அவருக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

"டேய் செழியன்! பதினொரு நாள் அடிச்சனீயடா! உன்ர தங்கச்சிக்குச் சொல்லட்டே? சொல்லட்டேடா?"

கண்ணைக் கட்டிய துணி நழுவி விழுந்தபோது மேசைவிளக்கு உடைந்து கிடந்தது. தடுக்க வந்த செலீனின் உதடு கிழிந்து இரத்தம் ஒழுகியது. வாசலில் சந்திரவதனா நின்றாள்.

"இவர் என்ன சொன்னார்?" என்று செலீன் அவளிடம் கேட்டாள்.

அங்கே தமிழ் தெரிந்த மூன்றாவது ஆள் இல்லை. ஆமி என்று ஒரு சொல் சொன்னால் வீடு பழையபடி இருக்கும். அதைச் சொல்லச்சொல்லி வாகீசன் கண்ணால் கெஞ்சினார்.

"இவருக்கு அடித்தது என் அண்ணா" என்றாள் ஆங்கிலத்தில். பிறகு கட்டிலடிக்கு வந்து, பளார் என்று அவர் கன்னத்தில் அறைந்தாள்.

"நான் அந்தப் படத்துக்கு முன்னாலை நிண்டு அழேக்கை, நீங்களும் பக்கத்திலை நிண்டனீங்கள் என்ன? இருபத்தஞ்சு வருஷம்! அண்ணா செத்துப் போனார். ஏன் செய்தனீ எண்டு நான் ஆரைப் பிடிச்சுக் கேக்கிறது?"