ரபீக்கா செய்யாத படம்

கிண்ணியா ரபீக்காவின் கைவண்ணம் திருகோணமலைப் பட்டினமெங்கும் பேச்சு. முஹம்மது தம்பியின் ஸ்டூடியோவில் கொம்பியூட்டருக்கு முன்னால் அவள் இருந்தால், இடுப்பில் சாரம் கட்டி வந்தவனுக்குக் கோட்டும் டையும் ஏறிவிடும். கட்டாரில் இருக்கிற தகப்பன் வீட்டுக் கதிரையில் பிள்ளைகளோடு வந்து அமர்ந்துவிடுவார். சண்டையால் ஆளுக்கொரு திக்கில் கிடந்த குடும்பங்களை ஒரே படத்தில் சேர்த்து வைத்தவள் அவள்தான். அந்தச் சம்பளத்தில்தான் அவளுடைய உம்மாவின் அடுப்பு எரிந்தது.

இரண்டாயிரத்து ஏழில் ஒருநாள் காலில் மினுக்கின சப்பாத்தோடு ஒருவன் வந்தான். அவன் நீட்டின பென் டிரைவில் இரண்டு படங்கள். ஒன்று பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழா. அதில் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்றைக் காட்டினான். மற்றதைச் சொல்ல வாய் கூசும். அந்த உடம்பில் இந்த முகத்தை ஒட்ட வேண்டுமாம். ரபீக்கா திரையை அணைத்தாள். அவன் சிரித்தான்.

“உண்மைப் படமில்லைத்தானே, நீங்கள் செய்யிறதுதானே. ஆருக்கு என்ன நட்டம்?”

பின்னேரம் வரச்சொல்லி அனுப்பிவிட்டு முதலாளியிடம் போனாள். சிறுபிள்ளைகளின் ஆபாசப் படம் கழுவ வந்தால் கடைக்காரர் உடனே பொலிசுக்கு அறிவிக்க வேண்டுமென்று சட்டம் இருப்பதை, மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு சட்டத்தரணி சொல்லக் கேட்டிருந்தாள். எழுதினவர்கள் பிலிம் கழுவுகிற கடையை நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள். அவர்கள் நல்லாயிருக்கட்டும், ரபீக்கா தன் கொம்பியூட்டரையும் அதற்குள் இழுத்துப் போட்டாள்.

சண்டை நடந்த அந்த நாளில் தன் காலால் நடந்து பொலிசுக்குப் போக யாருக்கு மனம் வரும்? கொம்பியூட்டரைக் கொண்டுபோய்விடுவார்கள், வேலையும் போய்விடும் என்று அவளுக்கு வடிவாகத் தெரியும். முஹம்மது தம்பி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு எழும்பிக் கடையைப் பூட்டினார்.

“வா தங்கச்சி, நானும் வாறன்” என்றார்.

பின்னேரம் கடைக்கு வந்தபோது அவன் பிடிபட்டான். கொம்பியூட்டர் மூன்று மாதம் பொலிசில் கிடந்தது. முதலாளி அவளுடைய சம்பளத்தை ஒருநாளும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு தொழுகையிலும் அவருக்காக அவள் துஆக் கேட்டாள்.

கொம்பியூட்டர் திரும்பி வந்த கிழமை, அந்தப் பிள்ளையின் தாய், லிங்கநகர் குணேஸ்வரி, அடையாள அட்டைக்குப் படம் எடுக்க மகளைக் கூட்டி வந்தாள். பொலிஸ் சொல்லி விஷயம் அறிந்தவள். மகள் சீப்பால் தலை இழுக்கக் கண்ணாடிப் பக்கம் போனதும் ரபீக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“அவளுக்கு ஒண்டும் தெரியாது, தங்கச்சி. நீங்கள் இல்லாட்டி என்ர பிள்ளை பிறகு பள்ளிக்கூடப் பக்கமே போயிருக்க மாட்டாள்.”

இரண்டு பேருக்கும் கண் கலங்கியது. அதற்குள் பிள்ளை வந்து கதிரையில் இருந்தாள்.

“அக்கா, என்னைக் கொஞ்சம் வெள்ளையாக்கி விடுவீங்களா?” என்று கேட்டுச் சிரித்தாள்.

ரபீக்காவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஒன்றும் அறியாத அந்தச் சிரிப்புக்காக இன்னும் மூன்று மாதம் கொம்பியூட்டர் இல்லாமல் சும்மா இருக்கச் சொன்னாலும் இருந்திருப்பாள்.