நாற்பத்தொன்றாம் எண் கால் டாக்டர்

பாலைவன ஊரான யூமாவுக்கு வெளியே உள்ள அந்த ட்ரெய்லர் முகாமில் வெர்லின் ஸ்டக்கிக்குப் பதினோரு குளிர்காலமாக ஒரே இடம், நாற்பத்தொன்றாம் எண். கான்சாஸில் ஒரு தானியக் கிடங்கில் முப்பத்துநாலு வருடம் பெல்ட்டும் மோட்டாரும் பழுது பார்த்த மனிதர். ஓய்வு பெற்றதும் ட்ரெய்லர் வீட்டை டிரக்கின் முதுகில் கோத்துக்கொண்டு, மனைவி ஆர்டிஸோடு பனிக்குத் தப்பித் தெற்கே வந்தவர். அந்த முகாமில் எல்லோருமே அப்படி வந்தவர்கள்தான். ஆனால் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு மரியாதை அவருக்கு இருந்தது. ட்ரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் மின்சார ஜாக்கிக் கால்கள் யாருக்கு மக்கர் செய்தாலும், "வெர்லினைக் கூப்பிடு" என்பார்கள்.

அவர் கருவி எதுவும் எடுத்துப் போகமாட்டார். "பட்டனை அமுக்கு" என்று சொல்லிவிட்டுக் காலுக்குப் பக்கத்தில் குந்திக் காதைக் கொடுப்பார். 'டக்' என்று மட்டும் கேட்டால் பேட்டரிப் பக்கம் கோளாறு. ஒன்றுமே கேட்காவிட்டால் ஃப்யூஸ். மோட்டார் ஓடியும் கால் நகராவிட்டால் கோளாறு இரும்பில். தீர்ப்பைச் சொல்லிவிட்டு முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பதில் ஒரு தோரணை உண்டு. கூலி வாங்கமாட்டார்; யாராவது ஒரு தட்டு பிஸ்கட் கொடுத்தனுப்புவார்கள். "கால் டாக்டர்" என்று கூப்பிட்டால் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுவார். கூப்பிடாவிட்டால் முகம் தொங்கிப் போகும்.

நவம்பரில் ஓரின் ஹாவ்கன் வந்து சேர்ந்தார். மின்னசோட்டாக்காரர், மின்வாரியத்தில் கம்பம் ஏறியவர், மனைவியை இழந்தவர். ஒரு சின்ன வேனில் சமைத்து அதிலேயே தூங்கினார்.

"அவன் வண்டிக்குக் காலே கிடையாது. கால் இல்லாத வண்டிக்காரனுக்குக் காலைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் வெர்லின்.

"கிடங்கு மோட்டாரை நீங்க பழுது பார்த்தப்போ நமக்குக் கோதுமை வயல் இருந்துச்சா என்ன?" என்றாள் ஆர்டிஸ்.

ஓரினின் வண்டிக்குக் காலில்லாவிட்டால் என்ன, சிவப்பும் கறுப்புமாக ஒயர் தொங்கும், கரண்ட் அளக்கும் ஒரு மீட்டர் அவரிடம் இருந்தது. பதினேழாம் எண்காரரின் கால்கள் நின்றுபோனபோது, காது கொடுத்துக் கேட்ட வெர்லின் "மோட்டார் போச்சு, புதுசு வாங்கு" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த மனுஷர் வாங்குவதற்கு முன்னால் ஓரினிடமும் காட்டினார். ஓரின் மீட்டரை வைத்தார், ட்ரெய்லரின் இரும்புச் சட்டத்தில் ஒயரைப் பிடித்திருந்த ஒரு திருகைக் கழற்றினார், அதன் அடியிலிருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்தார். ஒயரை மறுபடி மாட்டியதும் கால்கள் இரண்டும் ஒன்றும் நடக்காததுபோல ஏறி இறங்கின. அன்று மாலை பொதுச் சாப்பாட்டில் பதினேழாம் எண்காரர் இதை மூன்று மேசைக்குச் சொன்னார். வெர்லின் உருளைக்கிழங்கைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தார்.

அதற்கப்புறம் எல்லோரும் வேன் பக்கமே போனார்கள். வெர்லினுக்குப் பொறாமை என்றால் சாதாரணப் பொறாமை இல்லை. ஓரின் காலை நடைக்குப் போனால், "இவனுக்கு மட்டும் முழங்கால் வலிக்காதா?" என்று இருக்கும். ஓரின் சிரித்தால், பல் எல்லாம் சொந்தப் பல்லா என்று உற்றுப் பார்ப்பார்.

"ஏங்க, ஓரின் நம்ம பேட்டரியையும் பார்த்துட்டார். பன்னிரண்டு புள்ளி ஆறு வோல்ட்டாம்" என்றாள் ஆர்டிஸ் ஒருநாள்.

"நான் பார்க்கச் சொன்னேனா?"

"நான் சொன்னேன்."

"நல்லா இருக்குன்னு நான்தான் போன வாரமே சொன்னேனே."

"நீங்க நல்லா இருக்குன்னு சொன்னீங்க. அவர் எவ்வளவு நல்லா இருக்குன்னு சொல்றாரு."

அன்று அவள் சுட்ட கேக்கில், ஓரத்தில் மொறுமொறுப்பாக வந்த துண்டு ஓரினின் வேனுக்குப் போனது. நாற்பத்தாறு வருடமாக ஓரத்துண்டு வெர்லினுக்குத்தான். கேட்டிருந்தால் இன்னொரு ஓரம் வெட்டிக் கொடுத்திருப்பாள். அவர் கேட்கவில்லை. பட்டினியாகப் படுத்துக்கொண்டார்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, முப்பத்தெட்டாம் எண் மார்வீன் கிளம்பவேண்டியிருந்தது. டூசானில் அவள் மகளுக்குத் தலைப்பிரசவம், வலி எடுத்துவிட்டதாக ஃபோன் வந்திருந்தது. மகள் இருப்பது ஒற்றை அறையில்; போனால் தங்குவதற்கும் ட்ரெய்லர்தான். மார்வீன் பட்டனை அமுக்கினாள். இடது கால் ஏறியது, வலது கால் அசையவில்லை. ட்ரெய்லர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அவள் வெர்லினைத் தாண்டி, அவர் நாற்காலியைத் தாண்டி, நேரே வேனுக்கு ஓடினாள்.

வெர்லின் காப்பிக் குவளையோடு உட்கார்ந்த இடத்திலிருந்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். இரண்டு காலுக்கும் மோட்டார் ஒன்றுதான். இடது காலை அது நேராகச் சுற்றும், வலது காலை ஒரு நீளக் கம்பி வழியாகச் சுற்றும். அந்தக் கம்பியைக் கோக்கும் சின்ன போல்ட் வேண்டுமென்றே மெலிசாகச் செய்யப்பட்டது. பாரம் மிஞ்சினால் பல்சக்கரம் உடைவதற்குப் பதில் அது உடையும். அப்படிப்பட்ட போல்ட் பத்து அவர் டப்பாவில் இருந்தது. எழுந்து ஐம்பதடி நடந்தால் வேலை முடிந்தது. அவர் எழவில்லை. கூப்பிடட்டுமே என்று இருந்தார்.

ஓரின் மீட்டரை வைத்தார். கரண்ட் சரியாக இருந்தது. மோட்டாரும் ஓடியது. "உள்ளே பல்சக்கரம் போயிருக்கலாம். புதுசு வர ஒரு வாரம் ஆகும்" என்றார். மார்வீன் படியில் உட்கார்ந்து அழுதாள். வெர்லினுக்கு அந்தக் காப்பி அன்று அவ்வளவு ருசித்தது. அதற்காகப் பின்னால் வெட்கப்பட்டார் என்பது வேறு விஷயம்.

அப்போது ஓரின் அவரிடம் நடந்து வந்தார்.

"இது கரண்ட் சமாச்சாரம் இல்லைன்னு தோணுதுங்க. எனக்குக் கரண்டைத் தாண்டித் தெரியாது. கொஞ்சம் வந்து பாருங்க."

நாலு மாதமாக வெர்லின் இந்த நேரத்துக்கென்று ஒரு பதிலைக் கூர் தீட்டி வைத்திருந்தார். கேட்டவர் இப்படிப் பணிவாகக் கேட்டதில் அது பயனில்லாமல் போயிற்று. அதுவும் எரிச்சலாக இருந்தது.

போனார். கால்மணி நேரத்தில் உடைந்த போல்ட்டைத் தட்டி எடுத்துப் புதியதைப் போட்டு, ட்ரெய்லரைச் சமமாக நிறுத்தினார். ஒருவர் வண்டி கட்டும்போது மற்றவர்கள் மடக்கு நாற்காலி போட்டு வேடிக்கை பார்ப்பது அங்கே வழக்கம். அன்றும் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கை தட்டினார்கள். "கால் டாக்டர்!" என்று ஒரு குரல்கூட வந்தது. வெர்லினுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

எத்தனை பேர் வேடிக்கை பார்த்தாலும், கொக்கி மாட்டுகிறவனிடம் யாரும் பேசமாட்டார்கள். வணக்கம்கூடச் சொல்லமாட்டார்கள். ட்ரெய்லரின் மூக்கை டிரக்கின் முதுகிலுள்ள கொக்கியில் மாட்ட வேண்டும், பூட்டு விழுந்ததா என்று குனிந்து பார்க்க வேண்டும், டிரக்கை ஒரு சுண்டு இழுத்துப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் காலைத் தூக்க வேண்டும். இதில் ஒன்று விட்டாலும் ஆபத்து. மார்வீன் டிரக்கைப் பின்னால் கொண்டுவந்தாள். ஓரின் பூட்டைப் பார்க்கக் குனிந்தார். வெர்லின் பட்டனில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன ஓரின், இந்த போல்ட்டைப் பத்தி உங்க மீட்டர் என்ன நம்பர் சொல்லுச்சு?"

நாற்காலிகளில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஓரின் தலையைத் திருப்பி, "அது என்னைவிடப் படிக்காததுங்க" என்று தானும் சிரித்தார். இன்னும் ஒன்று சொல்ல வெர்லினுக்கு நாக்கு ஊறியது.

"ஒரு காதுக்கு முன்னால நூறு மீட்டர் வந்தாலும் நிக்காதுய்யா!"

சொன்ன உற்சாகத்தில் கட்டைவிரல் அமுங்கியது. கால்கள் இரண்டும் அழகாக மேலே ஏறின. கண்ணாடியில் அதைப் பார்த்த மார்வீன், எல்லாம் முடிந்தது என்று டிரக்கை எடுத்தாள். பூட்டு விழுந்திருக்கவில்லை; சக்கரத்துக்குக் கட்டை வைத்திருந்த ட்ரெய்லர் நின்ற இடத்தில் நின்றது. டிரக் மட்டும் போனது. ட்ரெய்லரின் மூக்கு டிரக்கின் பக்கச் சுவர்களில் விழுந்து அவற்றைத் தகர டப்பாவாக நசுக்கியது.

யாருக்கும் அடி இல்லை. வெர்லின் காலை இறக்கும் பட்டனை அமுக்கினார். அவர் சரிசெய்த கால்கள் அத்தனை பாரத்தையும் திக்காமல் தூக்கின, டிரக் விடுபட்டது. கால்களை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஓரின் தொப்பியைக் கழற்றினார். "தப்பு என்னுதும்மா. பூட்டைப் பார்க்க வேண்டியவன் நான்" என்றார் மார்வீனிடம்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். "பாவம், இந்த மனுஷருக்கு எவ்வளவு பெரிய மனசு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஆர்டிஸ் போய் ஓரினின் தோளில் கை வைத்தாள். வெர்லின் வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கையைப் பார்த்ததும் அவர் வயிற்றில் நெருப்பு வைத்ததுபோல் இருந்தது. வேலை போயிற்று, கேக் போயிற்று, இப்போது தன் தப்பைக்கூட இவன் எடுத்துக்கொண்டு நல்ல பேர் வாங்குகிறானே!

"அது என்னுது!" என்று கத்தினார். "பேச்சுக் கொடுத்தது நான், பட்டனை அமுக்கினது நான். இந்தத் தப்பையாவது எனக்கு விட்டு வைய்யா!"

"பேசினது யாருன்னு எங்க எல்லாருக்கும் கேட்டுதுங்க" என்றாள் ஆர்டிஸ், மெதுவாக. "நீங்க எப்போ சொல்வீங்கன்னுதான் நின்னோம்."

வெர்லினுக்குக் காது மடல் சிவந்தது. "மார்வீன், என் டிரக்கில மாட்டி உன்னை டூசான்ல விட்டுட்டு வரேன். வண்டிக்கு ஆகுற செலவும் என்னுது."

மார்வீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டிரக் உங்களுது வரட்டும் வெர்லின், சந்தோஷம். ஆனா ஓட்டுறது ஓரின் ஓட்டட்டும். முப்பது வருஷம் கம்பம் ஏத்தின லாரி ஓட்டினவரு."

வெர்லின் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து ஓரினின் உள்ளங்கையில் வைத்தார். நியாயம்தான் என்று அவருக்குத் தெரிந்தது. கொடுக்கும்போதும் வயிறு எரியத்தான் செய்தது.