மூன்றாம் முறை கேட்கிற ஊர்

நோர்டாலில் யாராவது காப்பி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். மறுபடி கேட்டால் அதற்கும் வேண்டாம்தான். மூன்றாவது முறையும் கேட்டால், "சரி, அரைக் கோப்பை மட்டும்" என்று வாங்கிக் குடிக்கலாம். முதல் கேள்வி மரியாதைக்கு, இரண்டாவது உபசாரத்துக்கு, மூன்றாவதுதான் மனசார. மினசோட்டாவின் இந்த மூலையில் பிறந்த பிள்ளைக்குப் பல் முளைப்பதற்கு முன்பே இது தெரிந்துவிடும். ஆர்லின் டோஸ்ட்ருட்டுக்கு இதைத் தவிர வேறெதுவும் தெரியாமல் போனதுதான் கேடு.

ஐம்பதை ஒட்டிய வயது. கல்யாணம் ஆகவில்லை. பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பான். மிச்ச நேரத்தில் வீடியோ கேம் கன்ட்ரோலர்கள். பனி விழுந்துவிட்டால் ஊருக்கே அந்தக் கேம்தான் கதி. அதனால் ஆகஸ்டு மாதச் சோளத் திருவிழாவுக்கு வருகிற ஜனங்கள் ஒரு கையில் போட்டிக்குக் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டும், இன்னொரு கையில் கெட்டுப்போன கன்ட்ரோலரோடும் வருவார்கள். முயல் கொட்டகைக்கும் ஆர்டிஸ் அம்மாளின் கேக் கடைக்கும் நடுவில் ஆர்லின் மேசை போட்டு உட்கார்ந்திருப்பான்.

இந்த வருஷம் அவன் கண் மேசையில் இல்லை. மாரிட் ஃபாஸம் ஊருக்கு வந்திருக்கிறாள், செத்துப்போன அப்பாவின் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று காதில் விழுந்ததிலிருந்து அவன் இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சு. அவள் அரிசோனாவுக்குப் போய் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மறக்கத்தான் பார்த்தான். அவளுடைய அப்பா கர்டிஸ் விட்டால்தானே!

மாடுகளை விற்ற பிறகு கிழவர் திரையில் விவசாயம் பண்ண ஆரம்பித்தார். குளிர்காலம் முழுக்க கேமில் டிராக்டர் ஓட்டி, உழுது, அறுத்து, நிஜப் பண்ணையில் காணாத லாபமெல்லாம் பார்த்தார். வெண்ணெய் தடவிய இஞ்சி பிஸ்கட்டைத் தின்றுகொண்டே ஆடுவதால் கன்ட்ரோலர் அடிக்கடி மக்கர் பண்ணும். கட்டைவிரலை எடுத்த பிறகும் டிராக்டர் தானாக இடது பக்கம் போய் வேலியில் முட்டும். சனிக்கிழமை ஆர்லினிடம் கொண்டு வருவார். அவன் திருகுகளைக் கழற்றும்போது மாரிட்டின் சேதிகளைச் சொல்வார். வேலை உயர்வு, விவாகரத்து, கொல்லையில் ஆளுயரக் கள்ளிச்செடி. பத்து நிமிஷ வேலையை ஆர்லின் ஒரு மணி நேரம் இழுப்பான். மார்ச்சில் கர்டிஸ் போனார். சேதியும் போயிற்று. அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவனுக்கு எதிலும் கை ஓடவில்லை.

"இது இடது பக்கமே போகுது," என்று ஒரு குரல். நிமிர்ந்தால் மாரிட். நரைத்திருந்தாள், வெயிலில் கறுத்திருந்தாள். கையில் அந்தக் கன்ட்ரோலர்.

"தெரியும். உங்கப்பாவோடது," என்றான். பார்த்ததும் சொல்ல எத்தனையோ சேர்த்து வைத்திருந்தான். வாயில் வந்தது இவ்வளவுதான்.

பின்பக்கத்தைத் திறந்தான். குமிழைச் சுற்றிப் பழுப்பாகப் பொடி அப்பியிருந்தது. பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்தவன் கையை நிறுத்தினான். "பிஸ்கட்டுத் தூள். துடைச்சிடவா?"

மாரிட் குனிந்து பார்த்தாள். மோந்தும் பார்த்தாள். "இந்த மனுஷன்கிட்ட தட்டுல வெச்சுத் தின்னுங்கப்பான்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. "துடைச்சிடு ஆர்லின். வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

துடைத்து, பூட்டி, சின்னத் திரையில் மாட்டிப் பார்த்தான். புள்ளி நடுவில் அசையாமல் நின்றது.

"வீடு வித்தாச்சு," என்றாள். "சாமானை ஏத்திட்டேன். அப்பாவோட பிக்கப் வண்டியை நானே ஓட்டிட்டுப் போறேன், இப்பவே கிளம்பறேன். மூணு நாள் ரோடு. நீயும் வாயேன்."

"ஐயோ, நான் எதுக்கு? உனக்குத் தொந்தரவு."

"தொந்தரவெல்லாம் இல்ல. பாதி தூரம் நீ ஓட்டு. ஊர் புடிச்சிருந்தா அங்கேயே இருந்துக்கோ. அங்கேயும் கன்ட்ரோலர் கெட்டுத்தான் போகுது."

"இல்ல மாரிட், இங்க மாடுங்க, மிஷினுங்க…" என்று இழுத்தான். 'சரி' என்கிற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. டிராக்டர் இழுவைப் போட்டி மைதானத்தில் ஒரு வண்டி உறுமி ஓய்ந்தது. மாரிட் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி ஆர்லின். உடம்பைப் பார்த்துக்கோ," என்றாள். கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

கேக் வெட்டிய கத்தியோடு ஆர்டிஸ் அம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏப்பா, எத்தனை தடவை கேட்டா?"

"ரெண்டு."

"அட மரமே! அவ இந்த ஊரை விட்டுப் போய் எத்தனை வருஷம் ஆச்சு? அந்த ஊர்ல வேண்டாம்னா வேண்டாம்தான். எந்திரிச்சு ஓடு!"

ஓடினான். பன்றிக் கொட்டகையைத் தாண்டி, வெண்ணெயில் முக்கிய சோளத்துக்கு நின்ற வரிசையைக் கிழித்துக்கொண்டு, வண்டிகள் நிற்கும் புல்வெளிக்கு ஓடினான். மாரிட் பிக்கப்பின் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மாரிட்," மூச்சு வாங்கியது. "அங்க ரெண்டு தடவையோட விட்டுடுவாங்கன்னு எனக்குத் தோணல. நம்ம ஊர் வழக்கம் உனக்கு மறந்துபோயிருக்கும்."

அவள் கயிற்றை விடவில்லை. "மறந்துடுச்சுன்னா நினைச்சே? எங்கம்மா பாலோட ஊட்டினது அது. முதல்ல இந்த ஊரை விட்டுக் கிளம்பினேனே, அன்னிக்கும் திருவிழாதான். அன்னிக்கும் என்கூட வர்றியான்னு ரெண்டு தடவை கேட்டேன். மூணாவது கேட்டிருந்தா நீ வந்திருப்பே. நான் இழுத்த இழுப்புக்கு வந்திருப்பே. இவன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தானா என்னைக் கேக்க மாட்டானான்னு அன்னிக்கும் நின்னேன். இன்னிக்கும் உன் மேசை முன்னால நின்னேன்."

எத்தனை குளிர்காலம்! எல்லாம் ஒரு கேள்விக்காக. "நான் உன்கூட வரட்டுமா?" என்றான் ஆர்லின்.

"வேண்டாம், ஆர்லின்."

"வரட்டுமா?"

"வேண்டாம்."

கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தான். பிறந்ததிலிருந்து தனக்கென்று அவன் யாரிடமும் எதையும் மூன்று முறை கேட்டதில்லை. "மாரிட், நான் வரட்டுமா?"

அவள் கண் நிறைந்துவிட்டது. முடிச்சை இறுக்கினாள். "வேண்டாம்பா. இது நான் சொல்லிக்குடுத்து நீ கேட்டது."

மூன்றாவது வேண்டாம், நிஜமான வேண்டாம். நாலாவது முறை கேட்கிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. ஆர்லின் தார்ப்பாயின் மறு முனையைப் பிடித்து இழுத்துக் கட்டினான். அது ஒழுங்காகக் கட்டியிருக்கவில்லை.

மாரிட் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். பிறகு ஜன்னலை இறக்கினாள். பக்கத்து சீட்டில் கிடந்த கன்ட்ரோலரை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"அந்தக் கேமுல அப்பாவோட வயல் அப்படியே கிடக்கு. இங்க பனி விழுந்தப்புறம் சாயங்காலத்துல நானும் அங்கேருந்து ஆடலாம்னு இருக்கேன். ஆன்லைன்ல ரெண்டு பேர் சேர்ந்து உழலாமாம். என்கிட்ட வேற கன்ட்ரோலர் இருக்கு, இது உனக்கு வேணும்னா—"

"குடு," என்று ஆர்லின் கையை நீட்டிவிட்டான்.