சிலிண்டரை எடுக்காத வீரன்

என் கணவருக்குக் குவைத்தில் வேலை. வெள்ளிக்கிழமை தோறும் அவர் அங்கிருந்தும், நான் லெப்பைக்குடிகாட்டில் எங்கள் வீட்டிலிருந்தும் செல்போனில் ஒரு கேம் ஆடுவோம். இரண்டு விண்வெளி வீரர்கள் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே ஏலியன்களைச் சுட வேண்டும். வழியில் ஆக்சிஜன் சிலிண்டர் கிடந்தால் என்னை முந்தி அவரே எடுத்துக்கொள்வார். "மச்சான், எனக்கும் வைங்க!" என்று கத்துவேன். சிரிப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய மைக் அணைந்திருந்தது. என் ஆக்சிஜன் தீரப்போகும் நேரத்தில் எதிரே ஒரு சிலிண்டர். அவருடைய வீரன் அதன் பக்கத்தில் போய் நின்றான்; எடுக்கவில்லை. ஏலியன்கள் சூழ்ந்து சுட்டும் எனக்காகவே காத்து நின்றான்.

"யாருங்க நீங்க? அவரு எங்க?"

மைக்கில் புதுக்குரல் ஒன்று தயங்கித் தயங்கி வந்தது.

"தங்கச்சி, நான் அவரு ரூம்ல இருக்கறவன், வேப்பந்தட்டைக்காரன். வயித்துவலி தாங்காம ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு. நீங்க பயந்துடக் கூடாதுன்னு என்னைய ஆடச் சொன்னாரு."

ஆட்டத்தில் இருவருமே செத்துப்போனோம். அவருக்குக் குடல்வால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சேதி வரும்வரை முகம் தெரியாத அந்த அண்ணன் லைனைத் துண்டிக்கவே இல்லை.

தேறி வந்த பிறகு என் கணவர் மறுபடி ஆட வந்தார். முதல் சிலிண்டரைக் கண்டதும் என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் பாய்ந்து எடுத்துக்கொண்டார்.

நான் கத்தவில்லை. அவரேதான்.